புல்மோட்டை மணலில் தோரியம் இருக்கிறது, பிறகு ஏன் கரண்ட் பில் குறையவில்லை?

நிலாவெளியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "புல்மோட்டை மணலில் தோரியம் இருக்கிறது என்கிறார்கள். திருகோணமலையில் ஆழமான கடலும் இருக்கிறது. இங்கேயே ஓர் அணுமின் நிலையம் கட்டினால் கரண்ட் பில் குறையாதா? சுனாமி வந்தால், மீன்பாடு போனால் என்ன செய்வது? மகள் உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறாள், இந்தத் துறையை நம்பிப் போகலாமா?" நாலு கேள்வி மாதிரித் தெரிகிறது. ஆனால் முதல் மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: எரிபொருள் நம் மண்ணில், குளிர்விக்கத் தண்ணீர் நம் கடலில், அப்படியென்றால் மலிவான மின்சாரம் ஏன் நமக்கு எட்டவில்லை? சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: எரிபொருளும் கடலும் மட்டும் போதாது, அணு உலையைத் தாங்கக்கூடிய மின்கட்டமைப்பு வேண்டும், அது இன்று நம்மிடம் இல்லை. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் மின் பொறியியலாளர். வேலைக் காலத்தின் பெரும்பகுதி உப மின்நிலையங்களிலும் கட்டுப்பாட்டு அறையிலும் போனது. அணு உலைக்குள் வேலை செய்தவன் இல்லை. ஆகவே கிரிட், அதாவது மின்கட்டமைப்பு பற்றிச் சொல்வதை அனுபவத்திலிருந்து வருவதாக எடுங்கள். உலைக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்வது படித்ததிலிருந்து. செலவுக் கணக்குகள் நானே போட்டவை. எந்த எண்ணை வைத்துப் போட்டேன் என்பதையும் கூடவே எழுதுகிறேன், நீங்களே சரிபார்க்கலாம்.

தோரியத்தில் தொடங்குவோம். புல்மோட்டைக் கறுப்பு மணலில் பெரும்பகுதி இல்மனைட். அதோடு ரூட்டைல், சிர்க்கோன், கொஞ்சம் மோனசைட். இந்த மோனசைட்டுக்குள்தான் தோரியம் இருக்கிறது. கேரளத்துச் சவறா மணலிலும் இதே கதைதான். இருப்பது உண்மை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தோரியம் தானாகப் பிளந்து சக்தி தருகிற பொருள் கிடையாது. தோரியம்-232 ஒரு நியூத்திரனை விழுங்கி, இடையில் புரோட்டாக்டினியமாக மாறி, ஒரு மாத அளவு காலத்தில் யுரேனியம்-233 ஆகிறது. அந்த யுரேனியம்-233தான் பிளக்கிறது. அந்த முதல் நியூத்திரனைக் கொடுக்க ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் ஓர் உலை வேண்டும், அதாவது செறிவூட்டிய யுரேனியமோ புளுட்டோனியமோ முதலிலேயே கையில் வேண்டும். போதாததற்கு, யுரேனியம்-233 உருவாகும்போது கூடவே கொஞ்சம் யுரேனியம்-232உம் சேர்ந்துவிடுகிறது. அதன் வழித்தோன்றல்கள் கடுமையான காமாக் கதிர்களை வீசுவதால் இந்த எரிபொருளைத் தடித்த சுவருக்குப் பின்னால் நின்றுதான் கையாள முடியும்.

இந்தப் பாதையில் உலகத்திலேயே அதிகம் உழைத்த நாடு நமக்கு அக்கரையில் இருக்கிறது. கையில் யுரேனியம் குறைவு, தோரியம் நிறைய என்பதால் இந்திய அணுத் திட்டத்தைத் தொடக்கிவைத்த ஹோமி பாபா 1950களிலேயே மூன்று கட்டத் திட்டம் ஒன்றை வகுத்தார். முதல் கட்டம் சாதாரண யுரேனிய உலைகள், இரண்டாவது வேக ஈனுலைகள் (எரிப்பதை விட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலைகள்), மூன்றாவதுதான் தோரியம். இரண்டாம் கட்டத்துக்காகக் கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலையை 2004இல் கட்டத் தொடங்கினார்கள். அதன் உள்ளகத்தை நிரப்பும் வேலையைத் தொடங்கியது 2024 மார்ச்சில். அதே கல்பாக்கத்தில் 1996 முதல் யுரேனியம்-233இல் ஓடும் சின்ன ஆய்வு உலை ஒன்று இருக்கிறது, பெயர் காமினி. அதன் வெப்ப அளவு 30 கிலோவாட், ஒரு பெரிய பேக்கரியின் மின்அடுப்புகளுக்குப் பக்கத்தில் வரும். அமெரிக்காவில் ஷிப்பிங்போர்ட் உலையை 1977 முதல் 1982 வரை தோரியத்தோடு ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் வணிக அளவில் தோரியத்தை நம்பி மின்சாரம் விற்கும் நிலையம் இன்று எங்கும் கிடையாது. அறுபது எழுபது வருடம் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளைக் கொண்டு இந்தியா நடந்த பாதையை, மணல் இருக்கிறது என்ற ஒரே பலத்தோடு நாம் தாண்டிவிடலாம் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சரி, ஒரு பேச்சுக்கு எரிபொருள் முழுவதும் இலவசம் என்றே வைத்துக்கொள்வோம். பில் எவ்வளவு குறையும்? ஆயிரம் மெகாவாட் உலை ஒன்று வருடத்தில் தொண்ணூறு வீதம் ஓடினால் ஏறத்தாழ 790 கோடி அலகு மின்சாரம் தரும். அதற்குச் சுமார் 25 தொன் செறிவூட்டிய எரிபொருள் போதும். அதே மின்சாரத்துக்கு நிலக்கரி என்றால் 30 இலட்சம் தொன் அளவில் வேண்டும். அணுவின் கவர்ச்சியே இதுதான். நுரைச்சோலையில் தென்மேல் பருவக்காற்று மாதங்களில் கடல் கொந்தளித்து நிலக்கரி இறக்க முடியாமல், வருடத்துக்கு வேண்டியதை மிச்ச மாதங்களுக்குள் இறக்கிக் குவிக்கிற தலையிடியைப் பார்த்தவர்களுக்கு, வருடத்துக்கு ஒரு சில லொறி எரிபொருள் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும். அவ்வளவு குறைவாக வேண்டியிருப்பதால் எரிபொருளின் விலையும் பில்லில் சின்னப் பங்குதான். யுரேனியம் வாங்கி, செறிவூட்டி, குழாய்களில் அடைத்துத் தருவது வரை எல்லாம் சேர்ந்து அலகு ஒன்றுக்கு ஒரு அமெரிக்கச் சதம் அளவில் வரும், அதாவது மூன்று ரூபாய் பக்கம். இலவசத் தோரியம் கிடைத்தாலும் மிச்சம் பிடிக்கக்கூடிய உச்சத் தொகை அதுதான்.

உண்மையான செலவு கொங்கிரீட்டிலும் இரும்பிலும் வட்டியிலும் இருக்கிறது. வங்காளதேசத்து ரூப்பூர் நிலையத்தை எடுங்கள். 1,200 மெகாவாட் உலைகள் இரண்டு, ஒப்பந்த மதிப்பு 1,265 கோடி டொலர், தொண்ணூறு வீதம் ரஷ்யக் கடன். ஆயிரம் மெகாவாட்டுக்கு என்று பிரித்தால் 530 கோடி டொலர் அளவில் வரும். வட்டி ஐந்து வீதம் என்று வைத்தால் வருட வட்டி மட்டும் 26 கோடி டொலருக்கு மேல். அதை 790 கோடி அலகால் வகுத்தால், அலகுக்கு மூன்று சதத்துக்கு மேல், நம் காசில் பத்து ரூபாய். இது வட்டி மட்டும். முதலைத் திருப்பிக் கட்டுவது, ஆட்கள், பராமரிப்பு, கழிவு, கடைசியில் நிலையத்தைக் கழற்றும் செலவு எல்லாம் இதற்கு மேல். வட்டி எட்டு வீதமானால் எரிபொருள் விலை இரட்டிப்பானதை விட மோசமான அடி விழும். 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு யார் எந்த வட்டியில் கொடுப்பார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கட்டுமானம் இழுபட்டால் கதை இன்னும் மோசம். பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையை 2005இல் தொடங்கி 2023இல்தான் முழுமையாக ஓட்டினார்கள். அமெரிக்காவின் வோக்டில் நிலையத்து இரண்டு புதிய உலைகள் 1,400 கோடி டொலர் என்று தொடங்கி 3,000 கோடியைத் தாண்டின. மறுபக்கமும் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் பராக்காவில் கொரியாக்காரரைக் கொண்டு நான்கு உலைகளை 2012இல் தொடங்கி 2024க்குள் முடித்தது. காசைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே வடிவத்தை நான்கு தடவை கட்டியதால் முடிந்தது என்பது என் கணிப்பு.

இனி நான் நேரில் அறிந்த பக்கம். இலங்கையின் இரவு உச்சத் தேவை 3,000 மெகாவாட்டுக்கு உள்ளேதான். பின்னிரவில் அது ஏறத்தாழ பாதிக்கு இறங்கும். கிரிட்டின் நாடித்துடிப்பு 50 ஹேர்ட்ஸ். உற்பத்தியும் தேவையும் கணத்துக்குக் கணம் சமமாக இருந்தால்தான் அது 50இல் நிற்கும். பெரிய மின்பிறப்பாக்கி ஒன்று திடீரென்று ட்ரிப் ஆனால், அதாவது தானாக நின்றுவிட்டால், துடிப்பு விழத் தொடங்கும். மிச்ச இயந்திரங்கள் சில செக்கன்களுக்குள் இடத்தை நிரப்ப வேண்டும். முடியாவிட்டால் ஊர் ஊராக வெட்டிவிட வேண்டும், அதுவும் தாமதமானால் எல்லாமே விழும். சின்ன வள்ளத்தில் பருத்த ஆள் ஒருவர் எழும்பிக் கடலுக்குள் குதித்தால் வள்ளத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். அதனால்தான் தனியொரு இயந்திரம் கிரிட்டின் பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது என்று உலகம் முழுக்க ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். நமக்கு அது உச்ச நேரத்தில் 270 மெகாவாட் அளவு, பின்னிரவில் 150க்குக் கிட்ட. நுரைச்சோலையின் 300 மெகாவாட் இயந்திரங்களே இந்தக் கணக்கை மீறியவை. ஆயிரம் மெகாவாட் உலை என்பது நாட்டின் உச்சத் தேவையில் மூன்றில் ஒன்றுக்கு மேல். கூடங்குளத்தில் அதே ஆயிரம் மெகாவாட் உலைகள் ஓடுகின்றனவே என்று கேட்பீர்கள். அங்கே இந்திய நாடு முழுக்க ஒரே கிரிட், 2024 மே மாத உச்சம் இரண்டரை இலட்சம் மெகாவாட். அங்கே ஓர் உலை நின்றால் அரை வீதம் கூட இல்லை.

2025 பெப்ரவரி 9ஆம் தேதி ஞாயிறு முற்பகல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாகச் சொன்னார்கள், நாடு முழுக்க மின்சாரம் போனது. சிரிப்புக்குரிய செய்தியாக உலகம் முழுக்கப் போனது. எங்களைப் போன்றவர்களுக்குக் குரங்கு முக்கியம் இல்லை. விடுமுறை நாள், தேவை குறைவு, கூரைச் சூரியசக்தி உச்சத்தில், கனமாகச் சுழன்றுகொண்டிருந்த இயந்திரங்கள் மிகச் சில. அந்த நிலையில் கிரிட்டுக்குத் தள்ளாட்டத்தைத் தாங்கும் உடற்பலம் இருக்கவில்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், திரும்ப வர நாட்கள் எடுத்தன. 10ஆம் 11ஆம் தேதிகளில் முறைவைத்து மின்வெட்டு அமுல் செய்தார்கள். அன்று அந்த இடத்தில் அணு உலை இருந்திருந்தால்? உலை நின்ற பிறகு அதற்குள் ஸெனன்-135 என்ற வாயு சேரும். அது நியூத்திரன்களை விழுங்கித் தள்ளும். பத்து மணித்தியாலம் அளவில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல வடியும். அது வடியும் வரை பல உலைகளைத் திரும்ப எழுப்புவது கடினம், ஒன்று இரண்டு நாள் பொறுக்க வேண்டியிருக்கும். நாட்டின் மூன்றிலொரு பங்கு அத்தனை நேரமும் காத்திருக்கும்.

ஆனால் இதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது, பொதுவெளியில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிரிட்டுக்கு உலை தேவைப்படுவதை விட உலைக்குத்தான் கிரிட் அதிகம் தேவை. நிலக்கரி நிலையத்தில் தீ அணைந்தால் கதை முடிந்தது. அணு உலையில் பிளவை நிறுத்திய பிறகும், பிளவில் உண்டான துண்டுகள் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். ஆயிரம் மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் மொத்த வெப்பம் மூவாயிரம் மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் ஆறு ஏழு வீதம் மிச்சம் இருக்கும், அதாவது 200 மெகாவாட் பக்கம். ஒரு மணித்தியாலத்தில் 40 சொச்சம். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் கொதித்துக்கொண்டே இருக்கும். இதை அகற்றப் பம்பிகள் ஓட வேண்டும், பம்பிகளுக்கு மின்சாரம் வேண்டும். தான் மின்சாரம் செய்யாத நேரத்தில் அது வெளியிலிருந்துதான் வரவேண்டும். வராவிட்டால் டீசல், பிறகு பற்றரி. புதிய வடிவங்கள் சிலவற்றில் சில நாட்களுக்குப் பம்பியே இல்லாமல் தண்ணீரின் இயல்பான ஓட்டத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் அந்தச் சில நாட்களுக்குள் கிரிட் திரும்பி வந்தே ஆகவேண்டும்.

சுனாமி பற்றிய உங்கள் கேள்விக்கு இதை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல முடியும். 2011 மார்ச் 11இல் ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் உலைகளை உடைக்கவில்லை, அவை ஒழுங்காக நின்றன. ஆனால் வெளிமின்சாரம் முழுவதும் போனது. டீசல் இயந்திரங்கள் எழும்பின. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வந்த 14 மீற்றர் அளவான அலை அவற்றை மூழ்கடித்தது. மூன்று உலைகளின் உள்ளகம் உருகியது. அதே வளாகத்தின் ஐந்தாம் ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது உயரத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரேயொரு டீசல் இயந்திரம். நிலநடுக்க மையத்துக்கு இன்னும் கிட்ட இருந்த ஒனகாவா நிலையம் தப்பியது. அது கடல்மட்டத்திலிருந்து 14.8 மீற்றர் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது, ஐந்து வெளிமின் இணைப்புகளில் ஒன்று அறுபடாமல் நின்றது. நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை மூதூரையும் கிண்ணியாவையும் உங்கள் நிலாவெளியையும் அடித்த அதே அலை கல்பாக்கத்தையும் அடித்தது. கடல்நீர் பம்பிக் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள், ஒரு கிழமை அளவில் திரும்ப ஓட்டினார்கள். பக்கத்தில் ஈனுலைக்குத் தோண்டியிருந்த அத்திவாரக் குழி நிரம்பிப்போனது. ஆகவே சுனாமி வரும் கரையில் உலை வைக்கவே முடியாது என்பது சரியில்லை. எவ்வளவு உயரத்தில், டீசலை எங்கே, எத்தனை தனித்தனி மின்வழிகள் என்பதுதான் கேள்வி. திருகோணமலைக்கு வரும் உயர் அழுத்தக் கம்பிகள் காட்டு வழியே நெடுந்தூரம் வருகின்றன. ஒனகாவாவின் ஐந்து வழிகளை நினைத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஒருதரம் பயணம் போய்ப் பாருங்கள்.

யுத்தத்தைப் பார்த்த ஊர்க்காரராக இன்னொன்றையும் கேட்டிருக்கலாம், நீங்கள் கேட்கவில்லை. உக்ரேனின் ஸபோரிஷியாவில் ஆறு உலைகள். 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யப் படைகளின் கையில். ஆறும் நிறுத்தப்பட்டுவிட்டன. அப்படியிருந்தும் வெளிமின் கம்பிகள் அறுபடும் ஒவ்வொரு தடவையும் உலகம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, டீசல் எழும்புகிறது. உலை நின்றுவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

கடலுக்கும் மீனுக்கும் வருகிறேன். இங்கே கதிர்வீச்சை விட வெப்பம்தான் என் முதல் கவலை. மூவாயிரம் மெகாவாட் வெப்பத்தில் ஆயிரம்தான் மின்சாரமாகும், இரண்டாயிரம் கடலுக்குப் போகும். வெளியேறும் தண்ணீரின் சூட்டை ஏழு பாகை உயர்வுக்குள் வைக்க வேண்டுமென்றால் செக்கனுக்கு 70 கன மீற்றர் கடல்நீரை இழுத்து விடவேண்டும். கொட்டியாரக் குடாவில் கரைக்குக் கிட்டவே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்த ஆழத்துக்குள் வெப்பத்தைக் கலைத்துவிட இடம் உண்டு, இதில் திருகோணமலைக்கு உண்மையிலேயே வசதி அதிகம். தம்பலகாமக் குடா மாதிரி ஆழமற்ற உள்நீருக்குள் விட்டால் கதை வேறு. பவளப்பாறை இருக்கும் புறாத்தீவுப் பக்கம் விட்டாலோ பேச்சே இல்லை. வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரு பாகை கூடிச் சில கிழமைகள் நின்றாலே பவளப்பாறை வெளிறத் தொடங்கிவிடும். உறிஞ்சும் வாயில் மீன்முட்டையும் குஞ்சும் இழுபடுவது இன்னொரு இழப்பு, அதை வலையும் மெதுவான ஓட்டமும் வைத்துக் குறைக்கலாம், இல்லாமல் செய்ய முடியாது.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை ஒழுங்காக ஓடும் நிலையம் சுற்றாடலுக்குச் சேர்ப்பது, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு எப்போதும் வருவதில் சிறு துளி. உலக சராசரி இயற்கைக் கதிர்வீச்சு வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அளவை). கன்னியா வெந்நீரூற்றில் குளித்திருப்பீர்கள். பூமிக்கு அடியிலிருந்து மேலே வரும் வெப்பத்தில் பாதியளவு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் உண்டாவதுதான், ஆகவே அந்த ஏழு கிணறுகளின் சூட்டிலும் அணுவுக்குப் பங்கு உண்டு. புகுஷிமாவில் 2023 ஆகஸ்ட் முதல் கடலில் விடும் தண்ணீரில் டிரிட்டியத்தை (கதிர்வீசும் ஐதரசன்) லீற்றருக்கு 1,500 பெக்கரல்லுக்குக் கீழே வைக்கிறார்கள். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 10,000. அப்படியிருந்தும் சீனா ஜப்பானியக் கடலுணவைத் தடை செய்தது. மீனவருக்கு இதில்தான் அடி விழும்: மீனில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சந்தை பயந்தால் விலை விழும். அதோடு நிலையத்தைச் சுற்றிக் கடலில் பாதுகாப்பு வலயம் போடுவார்கள். கூடங்குளத்தில் இடிந்தகரை மீனவர்கள் 2011இலும் 2012இலும் போராடியபோது தொழில் பறிபோகும் என்பதும் அவர்களின் பெரிய பயமாக இருந்தது. கடலில் கோடு போட்டு இதற்கு அப்பால் போகாதே என்று சொன்ன காலத்தை நம் ஆட்கள் மறக்கவில்லை. இந்த இழப்பைச் சூழல் அறிக்கைகள் மில்லிசீவெர்ட்டில் எழுதிக் கடந்துவிடும் என்பதுதான் என் பயம்.

இங்கே ஒரு நியாயமும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் அணுவுக்கு எதிரி என்று நினைப்பீர்கள். அலகுக்கு அலகு கணக்குப் பார்த்தால் நிலக்கரிப் புகை கொல்லும் ஆட்களோடு ஒப்பிட அணுமின்சாரம் கொன்றது மிகமிகக் குறைவு, செர்னோபிலையும் புகுஷிமாவையும் சேர்த்தாலும். இது உறுதியான விடயம். செர்னோபிலின் நீண்டகாலச் சாவுகள் எத்தனை என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே பெரிய இடைவெளி. 2005இல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து சொன்ன உச்ச மதிப்பீடு 4,000, அதை ஏற்காதவர்களும் உண்டு. எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் நிலக்கரியை நியாயப்படுத்த அது உதவாது.

அப்படியானால் நமக்கு வழியே இல்லையா? இரண்டு கதவுகள் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்று சின்ன உலைகள். நூறு, இருநூறு மெகாவாட் உலை நம் கிரிட்டின் அளவுக்குப் பொருந்தும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. துறைமுகத்தில் கட்டி நிறுத்தும் மிதக்கும் நிலையம் கூட இருக்கிறது. ரஷ்யாவின் பெவெக் நகரில் அகதெமிக் லொமனோசோவ் என்ற கப்பல் 2020இலிருந்து 35 மெகாவாட் உலைகள் இரண்டோடு மின்சாரம் தருகிறது. சீனாவில் 2023 டிசம்பரில் 200 மெகாவாட் அளவான வாயு குளிரூட்டும் அணுமின் நிலையம் ஒன்று வணிக ஓட்டத்துக்கு வந்தது. தொழில்நுட்பம் உண்மை. விலைதான் சந்தேகம். அமெரிக்காவில் நியூஸ்கேல் திட்டம் மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் அலகுக்கு, 58 டொலர் என்று சொல்லி வாடிக்கையாளரைப் பிடித்து, 89க்கு ஏறி, 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்தால் மலியும் என்பது வாதம். அந்த வரிசை இன்னும் ஓடத் தொடங்கவில்லை. முதலாவதாக வாங்கும் நாடு நாமாக இருக்கக்கூடாது, பத்தாவதாக வாங்குவதில் தப்பில்லை.

மற்றக் கதவு இந்தியாவோடு இணைக்கும் நேர்மின் (DC) கம்பி. பல வருடங்களாகப் பேசப்பட்டு, 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் வரை வந்திருக்கிறது. கம்பி வந்தால் கிரிட் பெரிதாகிவிடும் என்று எளிதாகச் சொல்கிறார்கள். நேர்மின் இணைப்பு அப்படி வேலை செய்யாது. அக்கரையின் சுழலும் பலம் தானாக இக்கரைக்கு வராது, அதைப்போல நடந்துகொள்ளும்படி, கம்பியின் இரு முனைகளிலும் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் நிலையங்களை வடிவமைக்க வேண்டும், முடியும். ஆனால் கம்பி வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: அக்கரையில் ஏற்கெனவே ஓடும் உலைகளின் மின்சாரத்தை வாங்குவதா, கடன் வாங்கி இங்கே கட்டுவதா? இதற்கு அரசியல் பதில்கள் பல இருக்கலாம். கணக்குப் பதில் அநேகமாக ஒன்றுதான்.

திருகோணமலையின் சம்பூரையும் சொல்லாமல் விட முடியாது. 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்று இடம்பெயர்ந்த சனத்தின் காணியை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பேசி, 2016இல் அதைக் கைவிட்டார்கள். 2025இல் அதே சம்பூரில் சூரியசக்தி நிலையத்துக்கு அடிக்கல். உங்கள் பில்லைப் பற்றி மட்டும் யோசித்தால் அடுத்த பத்து வருடத்துக்கு என் பந்தயம் அந்தப் பக்கம்தான்: வெயில், காற்று, அதோடு கட்டாயமாகப் பற்றரியும் நீரை மேலே ஏற்றிச் சேமிக்கும் நிலையங்களும். சேமிப்பு இல்லாமல் பனல் மட்டும் கூட்டினால் பெப்ரவரி 9கள் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சேமிப்பும் வலுவான கம்பிகளும் நாளைக்கு ஒரு சின்ன உலை வந்தாலும் அதற்கும் வேண்டியவைதான், வீண்போகாது. திருகோணமலையில் உலை என்று யாராவது கூட்டம் வைத்தால் தோரியத்தைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நாடு முழுக்க மின்சாரம் போனால் உங்கள் உலை எத்தனை நாள் தன் காலில் நிற்கும், கம்பி எத்தனை வழியால் வருகிறது, பாவித்த எரிபொருளை யார் எப்போது திருப்பி எடுப்பார் என்று ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் கேளுங்கள். வங்காளதேசம் கடைசிக் கேள்விக்கு ரஷ்யாவிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கியிருக்கிறது.

மகள் விடயம். உலையை நம்பிப் போகவேண்டாம், பௌதிகத்தை நம்பிப் போகட்டும். அணுத்துறை என்பது மின்நிலையம் மட்டும் கிடையாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத்துக்கென்றே துறை இருக்கிறது. பேராதனையில் மருத்துவ பௌதிகவியலில் பட்டப்பின் படிப்பு உண்டு. மகரகம, தெல்லிப்பளை போன்ற புற்றுநோய் வைத்தியசாலைகளில் கதிர் சிகிச்சையின் அளவைக் கணிக்க ஆட்கள் வேண்டும். பியகமவில் காமாக் கதிரால் மருத்துவப் பொருட்களைக் கிருமிநீக்கம் செய்யும் நிலையம் ஓடுகிறது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவைக்கும், அணுசக்தி சபைக்கும் படித்தவர்கள் தேவை. உயர்தரத்தில் இணைந்த கணிதத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தையும் இப்போதே பிடிக்கச் சொல்லுங்கள், பாடப்புத்தகங்கள் எல்லாம் அதில்தான். கிரிட் பக்கம் வர விரும்பினால் மின் பொறியியல். அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான், 2022க்குப் பிறகு நிறையப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள்.